கம்ப்யூட்டரும் பச்சை ஒயரும்

ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவர்களுக்கு அக்டோபர் முதல் வாரம்தான் தீபாவளி. செப்டம்பர் 30 கெடு முடிந்து, தலையில் கொஞ்சம் காற்றுப்படும். 2023-இல் அந்த வாரம் வந்ததும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு விழுப்புரத்தில் ரயில் ஏறி எழும்பூரில் இறங்கினேன். கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டவேண்டும் என்று ஆறு மாதமாக எக்செல் ஷீட் போட்டு வைத்திருந்தேன். வயது 33. அதுவரை நான் கழற்றி மாட்டியதில் சிக்கலான பொருள் மிக்ஸி ஜார்தான்.

ஆசையைக் கிளப்பிவிட்டது சித்தி மகன். அவன் வீட்டில் ஒரு ராத்திரி எல்டன் ரிங் விளையாடிப் பார்த்தேன். முதல் காவலாளியிடமே பதினாறு முறை செத்தேன். அப்படியும் எழுந்திருக்க மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து என் லேப்டாப்பில் போட்டால், அது பிரஷர் குக்கர் மாதிரி சத்தம் போட்டு அணைந்துபோனது.

அப்பாவை அழைத்துப் போனதற்குக் காரணம் உண்டு. இருபத்தைந்து வருஷம் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவர். நாங்கள் போன ரிச்சி தெரு, சென்னையின் எலக்ட்ரானிக் சாமான் சந்தை, அவருக்குக் கண்டன்சரும் டிரான்சிஸ்டரும் வாங்கப் போன இடம். மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பியதும், "இங்க ஒரு டீக்கடை இருந்திச்சே" என்று நின்றுவிட்டார். டீக்கடை இருந்த இடத்தில் சிசிடிவி கேமரா தொங்கிக்கொண்டிருந்தது.

முதல் மூன்று கடைகளிலும் ஒரே கேள்வி: "தம்பிக்கா மேடம்?" எனக்குத்தான் என்றால் உடனே, "ஆபீஸ் யூஸா?" நான்காவது கடையில் இருந்த பையன் மட்டும், "என்ன கேம் ஆடுவீங்க அக்கா, மானிட்டர் என்ன ரெசல்யூஷன்?" என்று கேட்டான். கேட்கவேண்டிய கேள்வி அதுதான். பெரும்பாலானதை அங்கேயே வாங்கினேன்.

ரைசன் 5 5600 பிராசசர் 12,500 ரூபாய். எல்லாப் பாகத்தையும் இணைக்கிற பி550 மதர்போர்டு 9,500. திரைக்குப் படம் வரைந்து அனுப்புகிற கிராபிக்ஸ் கார்டு ஆர்எக்ஸ் 6600, 21,000. எட்டு ஜிபி ராம் இரண்டு குச்சி, ஒரு டிபி எஸ்எஸ்டி, கேபினெட், இவை எல்லாவற்றுக்கும் மின்சாரம் தருகிற எஸ்எம்பிஎஸ் பெட்டி, ஆக மொத்தம் 58,500. மானிட்டர் தனியாக 11,000. அந்த 58,500-இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிராபிக்ஸ் கார்டுக்கே போவது பார்ப்பவர்களுக்கு அநியாயமாகத் தோன்றும். கேம் கம்ப்யூட்டரில் அது அப்படித்தான் இருக்கவேண்டும். விலையுயர்ந்த பிராசசரையும் வண்ண விளக்கு எரிகிற கேபினெட்டையும் வாங்கிவிட்டு, கடைசியில் கார்டில் கைவைக்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில்தான் அப்பா வாய் திறந்தார். வேறொரு கடையில், கேபினெட்டோடு சேர்த்து 900 ரூபாய்க்கு ஒன்று தருவதாகச் சொன்னார்கள். மேலே 450 வாட் என்று போட்டிருந்தது. அப்பா அதைக் கையில் வாங்கி ஒருமுறை தூக்கிப் பார்த்தார். "உள்ள ஒண்ணும் இல்லம்மா, காத்து இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எடையை மட்டும் நம்பி வாங்க முடியாது என்பது எனக்குத் தெரியும். மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் சான்று இருக்கிறதா, எத்தனை வருஷம் வாரண்டி என்றும் பார்க்கவேண்டும். ஆனாலும் அந்தப் பெட்டி நிஜமாகவே பிஸ்கட் டப்பா கனம்தான் இருந்தது. 4,000 கொடுத்து 550 வாட், 80 பிளஸ் வெண்கல (Bronze) சான்று உள்ளது வாங்கினோம். கார்டு இழுப்பது அதிகபட்சம் 132 வாட், பிராசசர் 65 வாட் ரகம். இதற்கு 550 தாராளம்.

"இங்கயே பூட்டித் தந்துடறோம் அக்கா, காசு வேணாம்" என்றான் பையன். வேண்டாம் என்றதும் அவனுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

பூட்டும் வேலையைப் பற்றிப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. பயம்தான் பெரிது. இந்த ரகப் பிராசசரின் அடியில் 1,331 ஊசிகள் இருக்கின்றன. மூலையில் உள்ள தங்க முக்கோணத்தை சாக்கெட்டில் உள்ள முக்கோணத்தோடு பொருத்தி வைத்தால், அழுத்தாமலே தானாக உட்காரும். உட்காரவில்லையென்றால் தப்பாக வைத்திருக்கிறோம் என்று அர்த்தம். ராம் நேர் எதிர்: இவ்வளவு அழுத்தலாமா, போர்டு உடையுமோ என்று நினைக்கும் அளவுக்கு அழுத்தினால்தான் கிளிக் என்று விழும். இரண்டு குச்சியையும் பக்கத்துப் பக்கத்தில் போடாமல், பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடத்தில் போடவேண்டும். பிராசசரோடு வந்த ஃபேனைத் திருகுவதற்கு முன், மதர்போர்டில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் தாங்கிகளைக் கழற்றவேண்டும் என்பது முக்கால் மணி நேரம் போராடிய பிறகுதான் எனக்கு உறைத்தது. சாப்பாட்டு மேசை முழுக்க ஸ்க்ரூ. அம்மா இட்லித் தட்டை வைக்க இடமில்லாமல் நின்று பார்த்துவிட்டு, டிவி முன்னால் போய் உட்கார்ந்தார்.

ராத்திரி பத்தரைக்குப் பட்டனை அமுக்கினேன். ஃபேன் எல்லாம் சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பு. எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டினேன். அதே கறுப்பு. பதினொன்றே காலுக்கு அப்பா பின்னால் எட்டிப் பார்த்து, "இந்த ஒயரு மேல சொருகிருக்கே, கீழயும் அதே மாதிரி ஓட்டை இருக்கேம்மா" என்றார். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் சொருகியிருந்தேன். 5600 பிராசசருக்குள் கிராபிக்ஸ் கிடையாது. அந்த ஓட்டையில் எதுவும் வராது. இதைப் பற்றி நான் ஆறு மாதத்தில் குறைந்தது இருபது முறை படித்திருப்பேன். கேபிளைக் கீழே கார்டில் மாற்றினேன். படம் வந்தது. அப்பாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

மறுநாள்தான் அசல் கதை. பென்டிரைவ் சொருகக் குனிந்தபோது, கேபினெட்டின் இரும்பு விளிம்பு கையில் சுருக்கென்றது. ஏதோ பிரமை என்று விட்டேன். சாயங்காலம் செருப்பில்லாமல் நின்று தொட்டபோது தெளிவாக எறும்பு ஊர்ந்தது. அப்பாவைக் கூப்பிட்டேன். டெஸ்டரை ஸ்க்ரூவில் வைத்தார். மங்கலாக எரிந்தது.

என் மனசு எஸ்எம்பிஎஸ் மேல் போயிற்று. 4,000 கொடுத்தும் ஓட்டையா? கடைக்குப் போன் போடப் போனவளை அப்பா நிறுத்தினார். பழைய ஹோல்டர் ஒன்றில் 100 வாட் பல்பை மாட்டி, இரண்டு ஒயரையும் பிளக் பாயிண்டில் வைத்தார். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே பளிச்சென்று எரிந்தது. பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. (அவர் தொழில்காரர். நீங்கள் இதைச் செய்து பார்க்காதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.) ஸ்விட்ச் பாக்ஸைக் கழற்றினால், எர்த் ஓட்டையிலிருந்து நாலு அங்குலப் பச்சை ஒயர் கிளம்பி, சுருட்டி, பெட்டிக்குள்ளேயே முடிந்திருந்தது. வீடு கட்டியபோது வயரிங் செய்தவர், பாத்ரூம் ஹீட்டருக்கும் சமையலறைக்கும் மட்டும் எர்த் இழுத்துவிட்டு, மற்ற அறைகளுக்குப் பச்சை ஒயரைச் சும்மா பார்வைக்கு வைத்திருக்கிறார். வருஷக்கணக்காக அந்த மூன்றாவது ஓட்டை பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

எஸ்எம்பிஎஸ் மேல் தப்பே இல்லை என்று அப்பா சொன்னது எனக்குப் புதுசு. மின்சாரத்தில் வரும் இரைச்சலை வடிகட்ட, பேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சின்னக் கண்டன்சர்களை அதன் இரும்பு உடம்போடு இணைத்திருப்பார்கள். அவற்றின் வழியாகக் கசியும் துளி மின்சாரம் எர்த் வழியே தரைக்குப் போய்விடவேண்டும். எர்த் இல்லையென்றால் போக வழியில்லாமல், கேபினெட் முழுக்க 230 வோல்ட்டில் பாதி, சுமார் 115 வோல்ட், உட்கார்ந்துகொள்ளும். ஆம்பியர் ரொம்பக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு நிற்கிறது. ஆனால் உள்ளே நிஜமாகவே ஏதாவது ஒரு ஒயர் தோலுரிந்து இரும்பைத் தொட்டால், அந்த எர்த்தை நம்பித்தான் நம் உயிர் இருக்கிறது.

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. நான் பார்த்த வீடியோக்களில் எல்லாரும், "பாகங்களைக் கெடுக்கக்கூடிய, உடம்பில் தேங்கும் ஸ்டேடிக் மின்சாரம் போக, எஸ்எம்பிஎஸ்ஸை பிளக்கில் மாட்டி, ஸ்விட்சை அணைத்துவிட்டு, அதன் உடம்பைத் தொடுங்கள்" என்கிறார்கள். நானும் பக்தியோடு தொட்டுத் தொட்டுத்தான் பூட்டினேன். அவர்கள் வீட்டுச் சுவரில் எர்த் இருக்கிறது. நான் தொட்டது எங்கேயும் போய்ச் சேராத ஒரு இரும்பு டப்பாவை. எந்த பிராசசர், எந்தக் கார்டு என்று மணிக்கணக்கில் பேசுகிறவர்கள், பிளக் பாயிண்ட் வரை வந்து நின்றுவிடுகிறார்கள். பழைய வீட்டில் இருப்பவர்கள், பாகங்கள் வாங்குவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனிடம் எர்த்தைச் சோதிக்கச் சொல்லிவிடுங்கள்.

மெயின் போர்டிலிருந்து என் அறை வரை பைப்புக்குள் பச்சை ஒயர் இழுக்க ஒரு நாள் ஆயிற்று. அப்பாவின் பழைய சிநேகிதர் ஒருவர் வந்து செய்தார். கொல்லையில் இருந்த எர்த் குழியையும் தோண்டிப் பார்த்து, கரியும் உப்பும் புதிதாகப் போட்டு மூடினார். கூலி, சாமான் எல்லாம் 2,600 ரூபாய். எக்செல் ஷீட்டில் 'எர்த்' என்று ஒரு வரி சேர்த்தேன். கேபினெட் இப்போது கேபினெட்டாக இருக்கிறது.

அப்புறம் ஒரு பதினோரு நாள் ஆனந்தமாக விளையாடினேன். பன்னிரண்டாம் நாள் சித்தி மகன் வந்து, செட்டிங்ஸில் ஏதோ பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். விநாடிக்கு 144 முறை படம் மாற்றும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி 60-இல் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். விண்டோஸில் நாமே போய் மாற்றவேண்டுமாம். மதர்போர்டின் செட்டிங்ஸான பயாஸில், ராமை முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பியையும் நான் தொடவில்லை. 3200 வேகத்தில் ஓடவேண்டியது 2400-இல் நடந்துகொண்டிருந்தது. இரண்டையும் மாற்றினேன். மவுஸ் அம்பு நகர்வதிலேயே வித்தியாசம் தெரிந்தது. வேடிக்கை என்னவென்றால், நான் எதற்காக இவ்வளவும் வாங்கினேனோ அந்த எல்டன் ரிங், என்ன மானிட்டர் வைத்தாலும் விநாடிக்கு 60 ஃபிரேமுக்கு மேல் போகாது. அதன் வரம்பே அவ்வளவுதான்.

ஆயுத பூஜைக்கு அம்மா கேபினெட்டின் கண்ணாடியில் சந்தனம் குங்குமம் வைத்தார். அப்பாவின் டெஸ்டருக்கும் சால்டரிங் அயர்னுக்கும் பக்கத்திலேயே அதற்கும் ஒரு பூ.

எர்த் குழி காய்ந்தால் வேலைக்கு ஆகாது, அடிக்கடி தண்ணீர் விடவேண்டும் என்று சிநேகிதர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்பா அதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மல்லிச் செடிக்கு ஒரு குடம், முருங்கைக்கு ஒரு குடம், குழிக்கு ஒரு பக்கெட். ஊற்றி முடித்ததும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "பாப்பா, உன் கம்ப்யூட்டருக்குத் தண்ணி ஊத்திட்டேன்" என்பார். பக்கத்து வீட்டு மாமி முதல் தடவை அதைக் கேட்டபோது, கோலமாவுக் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டார்.