லுங்கிக்கு ஏது இடுப்பளவு?

உடம்பைக் குறைக்க நடை பழகியும், எடை மெஷின் முள் ஒரு மாதமாக இறங்கவே இல்லை. இங்கே ரங்கூனில் உடம்பு எடை பவுண்டுக் கணக்கு. காலையில் மொஹிங்கா என்கிற மீன் குழம்பு நூடுல்ஸ் இரண்டு கிண்ணம் இறங்கினால் மறுநாள் ஒன்றிரண்டு பவுண்டு ஏறும். அது கொழுப்பு இல்லை, உப்பு பிடித்துவைத்த தண்ணீர். இதை நம்பியா மனசு உடைவது?

பேன்ட் போடுகிறவனுக்கு பெல்ட் ஓட்டை சொல்லிவிடும். லுங்கி கட்டுகிறவன் பாடுதான் திண்டாட்டம். எவ்வளவு பெருத்தாலும் முடிச்சு இடம் கொடுக்கும். அதனால் தையற்கடை பாயிடம் போய் நின்றேன். மூச்சை இயல்பாக விட்டபின், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேட்டுக்கும் நடுவே டேப் வைக்க வேண்டும். நம் தெற்காசிய உடம்புக்கு ஆண்கள் 90, பெண்கள் 80 சென்டிமீட்டரைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

"வயித்த எக்காதீங்க தம்பி, நான் என்ன சட்டையா தைக்கப்போறேன்?" என்றார் பாய்.

எழுந்ததும் படுக்கையிலேயே நாடி எண்ணுவதும் உண்டு. நடை பழகப் பழக அது மெல்லக் குறையும்.

எனக்குப் பிடித்த சோதனை ஷ்வேடகோன் புத்தர் கோவிலின் தெற்குப் படிக்கட்டு. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறணும். முன்பெல்லாம் பாதியில் நின்று, பூ விலை கேட்கிற சாக்கில் மூச்சு வாங்குவேன். இப்போது கேட்காமலே மேலே போய்விடுகிறேன். பூக்காரம்மாவுக்குத்தான் என்மேல் கோபம்.