காசு கொடுத்து வாங்கிய மேப், ஆடத்தான் ஆள் இல்லை

தம்பி இன்று ஒரு பழைய ஷூட்டர் கேமைத் திறந்து, தனியாகக் காசு கட்டி வாங்கிய மேப்பில், அதாவது சண்டை நடக்கும் களத்தில், ஆட உட்கார்ந்தான்.

சர்வர் பட்டியலில் ஒரே ஒரு வரி. அதன் எதிரே 0/64. 64 பேர் ஆடக்கூடிய இடத்தில் ஒருவர்கூட இல்லை.

“வாங்கினவங்க எல்லாம் எங்கண்ணா போனாங்க?” என்றான்.

வாங்கியவர்களே கொஞ்சம் பேர்தான். வாங்காதவர்கள் உள்ளே வரவே முடியாது. கூட்டம் இரண்டாகப் பிரிந்து, அப்புறம் இரண்டுமே கரைந்துவிடும்.

2013-இல் வந்த பேட்டில்ஃபீல்ட் 4-க்கு இப்படிப் புது மேப்புகள் கொண்ட ஐந்து விரிவாக்கங்களைத் தனியாக விற்றார்கள். 2018-இல் பேட்டில்ஃபீல்ட் 5 அந்த முறையைக் கைவிட்டது. அடுத்த வருடம் கால் ஆஃப் டூட்டியும் புது மேப்புகளை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது. நல்ல முடிவு, மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் டெஸ்டினி 2 என்ற ஆன்லைன் ஷூட்டர் கேம் செய்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை.

2017-இல் முழு விலைக்கு விற்ற ‘ரெட் வார்’ கதையை 2020 நவம்பரில் கேமிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 2022-இல் ‘ஃபோர்சேக்கன்’ கதையும் போனது. இரண்டு முறையும் அதே நாளில் புது விரிவாக்கம் விற்பனைக்கு வந்தது!

கேம் பெருத்துவிட்டது, பராமரிக்க முடியவில்லை என்றார்கள். சரி, அந்தச் சிரமம் புரிகிறது. காசு கொடுத்தவர்கள் தனியாக ஆஃப்லைனிலாவது ஆட ஒரு வழி விட்டிருக்கலாமே?

விற்ற கேமை ஆட முடியாதபடி முடக்காதீர்கள் என்று ஐரோப்பாவில் பத்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இங்கேயும் அப்படி ஒரு மனு வந்தால் முதல் ஆளாகப் போடுவேன்.