2.30 மணி எடை

2023 குளிர்காலம். ஜோகன்னஸ்பர்க்கில் நாங்கள் மாத்திரை செய்யும் ஆலைக்கு, தென்னாப்பிரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சாப்ராவின் ஆய்வாளர்கள் இரண்டு பேர் வந்தார்கள். நான் க்யூ.ஏ., அதாவது தர உறுதிப் பிரிவு. முதல் நாள் தண்ணீர், கிடங்கு, ஆய்வகம் எல்லாம் சுமுகம்.

மறுநாள் கம்ப்ரஷன் ஆபரேட்டரின், அதாவது பொடியை அழுத்தி மாத்திரையாக்கும் மெஷினை ஓட்டுபவரின், பயிற்சிச் சான்று கேட்டார்கள். பழைய கோப்புகள் நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கிடங்கில். ஓடிப்போய்ப் பெட்டியை எடுத்து வந்து திறந்தால், கேன்டீன் பில்கள்! மறுபடி ஓட்டம். ஆய்வுக்கு முந்தின வாரமே பெட்டியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

அது கிடக்கட்டும். நான் மாட்டியது பேட்ச் ரெக்கார்டில், ஒரு தொகுதி மாத்திரை செய்ததைப் படிப்படியாக எழுதிவைக்கும் தாளில். பாராசிட்டமால் 500. மருந்துதான் 500 மில்லிகிராம்; சேர்மானங்களோடு மாத்திரை எடை அதைத் தாண்டும். அரை மணிக்கு ஒருமுறை 20 மாத்திரை நிறுக்க வேண்டும். சராசரியிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது. ஆய்வாளர்களில் ஒரு அம்மா தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். இரவு 1 முதல் 5.30 வரை பத்துப் பதிவும் ஒரே பேனா, ஒரே சாய்வு. பேசாமல் ஜெனரேட்டர் பதிவேட்டைக் கேட்டார். 2 மணியிலிருந்து 4 வரை லோட் ஷெடிங், முறைவைத்து வரும் மின்வெட்டு. எங்கள் ஜெனரேட்டர் காற்றோட்டத்துக்கு மட்டும்தான். கம்ப்ரஷன் மெஷின் நின்றுவிடும். தாளிலோ 2.30-க்கு 571 மில்லிகிராம், 3-க்கு 569. கீழே 'சரிபார்த்தேன்' என்று என் கையெழுத்து.

எழுதிய ஆபரேட்டர், ஜோகன்னஸ்பர்க்கில் இந்தியர் அதிகம் வாழும் லெனேசியாக்காரர், இருபத்திரண்டு வருட சர்வீஸ். மாத்திரையை அழுத்தும் பஞ்ச் தேய்ந்தால் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். "ஏண்ணே இப்படி?" என்றேன்.

"கட்டம் காலியா இருந்தா நீங்கதானே தம்பி திருப்பி அனுப்புவீங்க?"

வாயடைத்துப் போனேன். போன மாதம்தான் இரண்டு முறை அனுப்பியிருந்தேன். காரணம் என்ன என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. போனஸும் மாத்திரை எண்ணிக்கைக்குத்தான்; மெஷினை நிறுத்தி நிறுப்பவனுக்கு நஷ்டம்.

பேட்சை நிறுத்தி வைத்தோம், ஆய்வறிக்கையில் 'மேஜர்' குறை விழுந்தது, பதில் எழுதியே ஒரு மாதம் போனது. எல்லோருக்கும் மறுபயிற்சி என்று ஒரு வரி போட்டுத் தப்பிக்கப் பார்த்தார் மேலாளர், நான் விடவில்லை. சண்டை போட்டு போனஸ் கணக்கை மாற்ற வைத்தேன். அதன்பிறகு மின்வெட்டு அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கையெழுத்தே போட்டேன்.

அடுத்த லோட் ஷெடிங் ராத்திரி, 4.05-க்கு போன் அடித்தது.

"தம்பி, மூணு கட்டம் காலி. 'கரண்ட் இல்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். தூங்குங்க."