சட்டைக் கைக்குள் ஒரு கை நுழையும் நேரம்

எட்டு மாதமாகியும் மகள் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, முஷ்டியாகவே வைத்திருந்தாள். டயப்பர் மாற்றும்போது கால்கள் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரிப் பின்னிக்கொள்ளும். "சில குழந்தைகள் எல்லாத்தையும் லேட்டாத்தான் செய்யும்" என்று யார் சொன்னாலும் நம்பினேன். நம்பத்தான் ஆசையாக இருந்தது. எம்ஆர்ஐ எடுத்த பிறகு பெருமூளை வாதம், செரிபிரல் பால்சி என்றார்கள்.

அசைவுகளைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியில் ஏற்பட்ட காயம் இது, இனிமேல் பெரிதாகாது. ஆனால் வளர வளரத் தசையும் எலும்பும் மாறும், அதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் விளக்கினார். முதல் பாதி மட்டும்தான் அன்று என் காதில் விழுந்தது.

அடுத்த ஒரு வருடம் வீடு முழுக்கப் பயிற்சிதான். தினமும் மூன்று வேளை கால்களை நீட்டிப் பிடித்து எண்ணுவேன், அவள் அழுவாள். அழ அழ இறுக்கம் கூடும். நான் இன்னும் அழுத்திப் பிடிப்பேன். அந்த நாட்களை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. நீட்டிவிடுவதால் மட்டும் ஒரு குழந்தை புதிதாக எதையும் செய்யக் கற்றுக்கொள்ளாது என்பது எனக்குத் தெரியவில்லை. அசைத்தது நான்தான். அவள் சும்மா படுத்திருந்தாள்.

அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பயிற்சி எதுவும் சொல்லித் தராமல், "பாப்பாவுக்கு எப்படிச் சட்டை போடுவீங்க, காட்டுங்க" என்றார். படுக்க வைத்து மளமளவென்று போட்டுவிட்டேன். "இதுல அவ என்ன செஞ்சா?" என்று கேட்டார். பதில் சொல்ல வாயே வரவில்லை.

அப்புறம் அவரே காட்டினார். முதலில் மகளை உட்கார வைத்தார். பாதங்கள் தரையில் பதியவில்லை என்று அடியில் ஒரு பலகை வைத்தார். இடுப்பும் முழங்காலும் செங்கோணத்தில் மடங்கி, பாதம் ஊன்றியதும் அவள் முதுகு நிமிர்ந்தது. விழாமல் இருக்கப் பிடித்துக்கொண்டிருந்த கைகள் தளர்ந்தன. இறுக்கம் அதிகமுள்ள வலது கைதான் முதலில் உள்ளே போக வேண்டும், கழற்றும்போது அது கடைசி. சட்டைக் கையைச் சுருட்டி அவள் விரல் நுனிக்கு அருகே பிடித்துக்கொண்டு, "கையை உள்ள விடு கண்ணு" என்று ஒரே ஒரு முறை சொன்னார். பிறகு பேசவே இல்லை. நான் மனசுக்குள் எண்ணினேன். பத்து வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. உதவ என் கை போனது, அவர் தலையசைத்துத் தடுத்தார். பதினான்கில் தோள் லேசாக முன்னால் வந்தது. இருபதைத் தாண்டி முஷ்டி துணிக்குள் நுழைந்தது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அன்றோடு எங்கள் பயிற்சி நேரம் கரைந்து நாள் முழுவதற்கும் பரவியது. தூக்கும்போது கால்களை மடக்கி, விரித்து, என் இடுப்பில் உட்கார வைத்துக்கொண்டேன். பின்னிக்கொள்ளும் கால்களுக்கு அதுவே நல்ல நிலை. ஊட்டும்போது கரண்டியை மேலிருந்து கொண்டுவந்தால் தலை பின்னால் சாயும், புரையேறும். நேர் எதிரே உட்கார்ந்து, வாய்க்குச் சற்றுக் கீழிருந்து கொண்டுபோனதும் இருமல் குறைந்தது.

இடுப்பு விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். முதலில் போன இடத்தில் யாரும் இதைப் பற்றிப் பேசவே இல்லை. ஜிஎம்எஃப்சிஎஸ் என்று ஐந்து நிலைகள் கொண்ட அளவுகோல் ஒன்று 1997 முதல் இருக்கிறது. பெரிய அசைவுகளில் குழந்தையால் என்ன முடியும் என்பதை வைத்து நிலையைச் சொல்வார்கள். எண் கூடக் கூடச் சிரமமும் அதிகம். மகள் நான்காம் நிலை. மூன்று முதல் ஐந்தாம் நிலை வரையுள்ள குழந்தைகளுக்குத் தொடை எலும்பின் தலை இடுப்புக் கிண்ணத்திலிருந்து மெல்ல நழுவும் ஆபத்து அதிகம். ஆரம்பத்தில் வலியே இருக்காது, எக்ஸ்ரேயில்தான் தெரியும். புதிய பிசியோதெரபிஸ்ட் கேட்ட பிறகுதான் முதல் எக்ஸ்ரே எடுத்தோம். ஒரு பக்கம் நழுவத் தொடங்கியிருந்தது. இப்போது தேதி குறித்து வைத்து எடுக்கிறோம். உங்கள் குழந்தைக்கு எடுக்கவில்லை என்றால் அடுத்த சந்திப்பிலேயே கேளுங்கள்.

கெண்டைக்கால் இறுக்கத்துக்கு, தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசியும் போட்டோம். பலன் மூன்று மாதம் போல நிற்கும். அதற்குள் காலைச் சரியான நிலையில் பிடித்துவைக்கும் ஸ்பிளின்ட் மாட்டி, நிற்கும் சட்டத்தில் நிற்க வைத்துப் பழக்கினோம்.

பேச்சு வரவில்லை. அதனால் அவளுக்குப் புரியவும் இல்லை என்று நாங்களே நினைத்திருந்தோம். அது பெரிய தவறு. ஸ்பீச் தெரபிஸ்ட் இரண்டு பொருளைத் தள்ளித் தள்ளிப் பிடித்து, "எது வேணும்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். மகளின் கண் ஒன்றில் போய் நின்றது. இடம் மாற்றிப் பிடித்தார். கண்ணும் மாறிப் போய் அதே பொருளில் நின்றது. மூன்று வயது வரை அவளிடம் யாரும் எதையும் கேட்டதே இல்லை.

இப்போது ஆறு வயது. நேற்றுக் காலை சட்டையைச் சுருட்டிப் பிடித்துக் காத்திருந்தேன். இருபதைத் தாண்டியும் தோள் அசையவில்லை. முகத்தைப் பார்த்தால், கண் அலமாரியிலேயே இருந்தது. திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். மஞ்சள் சட்டை வந்ததும் கண்ணை மேலே தூக்கினாள். அவளுக்கு 'ஆமாம்' என்றால் அப்படித்தான். அதைச் சுருட்டிப் பிடித்தேன். பத்துக்குள்ளேயே கை நுழைந்துவிட்டது.