சியாம் பக்கம் மறுபடி ஓடும் வேன்கள்

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அதனால் வியாழக்கிழமை சாயங்காலமே பீடோங், சுங்கை பட்டாணி, லூனாஸ் பக்கத்து வேன்கள் வடக்கே திரும்பிவிடும். பினாங்குக்காரர்கள் மறுநாள் மாலை கிளம்புவார்கள். மலேசிய-தாய்லாந்து எல்லைச் சாவடியான புக்கிட் காயு ஹீத்தாமில் வாரம் இரண்டு அலை. கோவிட் காலத்து நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 18 மார்ச் 2020இல் வந்தது, நம் எல்லை 1 ஏப்ரல் 2022இல் திறந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டு இரண்டு வாரத்தில் சுற்றுலா வேன் ஒன்றுகூட அந்தப் பக்கம் போகவில்லை. இப்போது மறுபடி அலை அடிக்கிறது. தாய்லாந்துச் சுற்றுலா எழுந்துவிட்டது என்று பேசுகிறார்களே, அதில் எந்தப் பகுதி எழுந்தது, எது இன்னும் படுத்தே கிடக்கிறது என்பதைப் பார்ப்போம். இந்த வாரம் போகிறவர்கள் கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடலாம்.

2019இல் தாய்லாந்துக்கு வந்த வெளிநாட்டவர் 39.9 மில்லியன் பேர். அதில் சீனர்கள் மட்டும் ஏறக்குறைய 11 மில்லியன். அடுத்த இடம் மலேசியாவுக்கு, 4 மில்லியனுக்கு மேல். அவர்கள் விட்டுச் சென்ற பணம் 1.9 டிரில்லியன் பாட். 2020இல் எண்ணிக்கை 6.7 மில்லியனாக விழுந்தது, அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில் வந்தவர்கள். 2021இல் மொத்தமே சுமார் 4 லட்சத்து 28 ஆயிரம். 2019இல் நான்கு நாளில் வந்து இறங்கிய கூட்டம், 2021இல் வருடம் முழுக்க வந்திருக்கிறது.

இவ்வளவு பலமாக விழுந்ததற்குக் காரணம் கிருமி மட்டும் இல்லை. நான்கில் ஒரு பயணி சீனாவிலிருந்து வந்தார் என்றால் கடைக்காரன் ஒரே வாடிக்கையாளரை நம்பிக் கடை நடத்துகிறான் என்று அர்த்தம். 2018 ஜூலையில் புக்கெட்டில் சீனப் பயணிகளை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 47 பேர் இறந்தபோதே, சீனர் வருகை சட்டென்று சரிந்து காட்டியது. அந்த எச்சரிக்கையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சீனாவுக்கு வெளியே முதல் கோவிட் நோயாளி 13 ஜனவரி 2020இல் தாய்லாந்தில்தான் உறுதியானார். ஏப்ரல் தொடக்கத்தில் வெளிநாட்டு விமானங்களை நிறுத்தினார்கள். அந்த ஆண்டு நாட்டின் பொருளாதாரம் 6 விழுக்காடு சுருங்கியது.

2020 ஜூலையில் உள்நாட்டுப் பயணிகளுக்காக அரசு ஒரு சலுகைத் திட்டம் கொண்டுவந்தது. ஹோட்டல் வாடகையில் 40 விழுக்காட்டை அரசே கட்டும், ஓர் இரவுக்கு 3,000 பாட் வரை. பேங்காக்கிலிருந்து கார் ஓட்டிப் போகக்கூடிய ஊர்கள் இதில் கொஞ்சம் மூச்சு விட்டன. டானோக் மூச்சு விடவில்லை. சாடாவ் சாவடியைத் தாண்டியதும் வரும் அந்தத் தெரு முழுவதும் நம் வெள்ளியை (ரிங்கிட்டை) நம்பிக் கட்டியது. பேங்காக்காரன் அங்கே போய் என்ன செய்வான்? ஹோட்டல், மசாஜ் கடை, கேளிக்கை விடுதி எல்லாம் இரண்டு ஆண்டு இரும்புக் கதவு போட்டுக் கிடந்தன. ஹாட்யாய் நகரில் கிம்யோங் சந்தைக்காவது உள்ளூர்க்காரர்கள் உண்டு. டானோக்குக்கு அதுவும் இல்லை.

இதன் மறுபக்கம் நம் ஊரிலேயே தெரிந்தது. தோட்டத்துப் பட்டணங்களின் தொம்யாம் கடைகளில் சமைப்பவர்களில் நிறையப் பேர் தென் தாய்லாந்துக்காரர்கள். 2020 மார்ச்சில் அவர்கள் மூட்டை கட்டி ஊர் திரும்பினார்கள். எல்லை மூடியதில் அந்தப் பக்கம் வாடிக்கையாளர் இல்லை, இந்தப் பக்கம் சமையல்காரர் இல்லை.

வெளிநாட்டுப் பயணிகளை நிபந்தனைகளோடு தீவுக்குள் விட, 1 ஜூலை 2021இல் தொடங்கிய புக்கெட் சாண்ட்பாக்ஸ் திட்டம் பற்றி உலகமே பேசியது. முழுத் தடுப்பூசி, தூதரகத்தின் நுழைவுச் சான்றிதழ், பயணத்துக்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் எடுத்த பிசிஆர் முடிவு, 1 லட்சம் அமெரிக்க டாலருக்குக் காப்பீடு, அரசு முத்திரை பெற்ற ஹோட்டலில் 14 இரவு முன்பதிவு, தீவில் இறங்கிய பிறகு இன்னும் மூன்று பிசிஆர். பெரியவர்கள் நான்கு பேர் என்றால் தீவில் மட்டும் 12 பரிசோதனை. முதல் மாதத்தில் வந்தவர்கள் ஏறக்குறைய 14,000 பேர். நம் வேலைச் சட்டத்தில் இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை பார்த்தவருக்கு வருட விடுப்பு 8 நாள், ஐந்தாண்டு வரை 12 நாள். 14 இரவுத் திட்டம் யாரை நினைத்துப் போட்டது என்று இதிலேயே புரிந்துவிடும். பிறகு 14 இரவு 7 ஆனது. நவம்பர் 2021இல் இணையத்தில் பதியும் நுழைவு அனுமதியான தாய்லாந்து பாஸ் வந்தது. காப்பீட்டுத் தொகை 50,000, 20,000, 10,000 டாலர் என்று படிப்படியாக இறங்கியது. 1 ஜூலை 2022இல் பாஸையே எடுத்துவிட்டார்கள். கூட்டம் திரும்பியது அதற்குப் பிறகுதான். பயணியை நிறுத்தியது நோய்ப் பயம் பாதி, படிவம் பாதி.

மீட்சிக் கணக்கு இப்படிப் போகிறது: 2022இல் 11 மில்லியன், 2023இல் 28 மில்லியன், 2024இல் 35.5 மில்லியன். பிறகு 2025இல் 33 மில்லியனுக்குச் சற்றுக் கீழே இறங்கிவிட்டது. 2019ஐ இன்னும் தொடவில்லை. ஆனால் மலேசியர் கணக்கை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். 2023இல் ஏறக்குறைய 4.6 மில்லியன், அதாவது 2019ஐத் தாண்டியாயிற்று. அந்த ஆண்டு முதலிடமும் நமக்கே, சீனர் 3.5 மில்லியன்தான். 2024இல் சீனர் 6.7 மில்லியனோடு முந்தினார்கள், நாம் 5 மில்லியனை நெருங்கினோம். 2025இல் சுமார் 4.5 மில்லியனோடு மறுபடி நாமே முதலிடம்.

நாம் முந்தியதற்குப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. வேன் எழுப்புவது எளிது, விமானம் எழுப்புவது கடினம். ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைத்த விமானத்தைப் பறக்கவிட முழுப் பராமரிப்புச் சோதனை வேண்டும், விமானிகளுக்கு மறுபயிற்சி வேண்டும், அனுப்பிவிட்ட ஊழியர்களைத் தேட வேண்டும். தாய் ஏர்வேஸ் 2020இல் நீதிமன்ற மறுசீரமைப்புக்குள் போய், 2025இல்தான் வெளியே வந்தது. நமக்கு ஓட்டுநர் ஒருவரும் டேங்க் நிறைய எண்ணெயும் போதும். பீடோங்கிலிருந்து எல்லைக்கு ஒன்றேகால் மணி நேரம், அங்கிருந்து ஹாட்யாய்க்கு ஒரு மணி நேரம்.

சீனர் கதை வேறு. அவர்கள் நாடு 2023 ஜனவரியில்தான் திறந்தது. 2024 மார்ச்சில் விசாவே வேண்டாம் என்ற ஒப்பந்தம் நடப்புக்கு வந்தது. வருகை ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், 2025 ஜனவரியில் சீன நடிகர் ஒருவர் தாய்லாந்திலிருந்து மியன்மார் எல்லை மோசடி முகாமுக்குக் கடத்தப்பட்ட செய்தி சீன ஊடகமெங்கும் பரவியது. மார்ச்சில் நிலநடுக்கம், பேங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த கோபுரம் சரிந்தது. ஜூலையில் கம்போடிய எல்லையில் சண்டை. சீனப் பயணி வேறு நாட்டுக்கு டிக்கெட் போட்டார். கெடாக்காரர் அதையெல்லாம் செய்தியில் பார்த்துவிட்டு ஹாட்யாய்க்குத்தான் போனார்.

தலையை எண்ணும் கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பயணம் பெரும்பாலும் இரண்டு இரவு. நிப்பாட் உத்திட் தெருக்களில் ஓர் அறை, சாப்பாடு, கிம்யோங்கில் முந்திரியும் உலர்பழமும், வெள்ளி முதல் ஞாயிறுவரை இருக்கும் குளோங்ஹே மிதவைச் சந்தை, வசதிப்பட்டால் சொங்க்லா கடற்கன்னி சிலை, முடிந்தது. ஐரோப்பியர் இரண்டு வாரம் தங்குவார். குடிநுழைவுக் கணக்கில் இருவரும் ஒவ்வொரு தலைதான். 2024 வருமானம் சுமார் 1.67 டிரில்லியன் பாட், 2019இன் 1.9ஐவிடக் குறைவு. இடையில் ஏறிய விலைவாசியைக் கழித்தால் பள்ளம் இன்னும் ஆழம். தெற்கு ஹோட்டல்காரருக்கு வியாழன், வெள்ளி, சனி மூன்று இரவு அறை போதாது, மற்ற நாள்களில் தாழ்வாரத்தில் ஆள் இருக்காது. மூன்று இரவுக் கூட்டத்தை வைத்து ஏழு நாள் சம்பளம் கொடுக்க முடியாது. அதனால் நிரந்தர ஊழியரைக் குறைத்து நாள்கூலிக்கு ஆள் பிடிக்கிறார்கள். நம் பள்ளி விடுமுறை என்றால் வாடகை ஏறுவதும், அறை சுத்தம் சுமாராக இருப்பதும் இதனால்தான். என் எண்ணத்தில் தெற்கின் உண்மையான மீட்சி, ஹாட்யாய்க்கு வரும் மலேசியரை மூன்றாவது இரவு தங்கவைப்பதில் இருக்கிறது. பத்தாலுங், சாத்தூன், திராங் எல்லாம் பக்கத்திலேயே இருந்தும் நம் வேன்கள் அங்கே திரும்புவது குறைவு.

மூடிக் கிடந்த காலம் ஒன்றைச் செய்துகாட்டியது. பிபி தீவின் மாயா விரிகுடாவைப் பெருந்தொற்றுக்கு முன்பே, 2018 ஜூனில் மூடியிருந்தார்கள். 2022 ஜனவரியில் திறந்தபோது பவளம் தேறியிருந்தது, கருந்துடுப்புச் சுறாக்கள் கரை ஓரம் வந்திருந்தன. திறந்தபோது வைத்த வரம்பு ஒரு சுற்றுக்கு 375 பேர். படகு முன்பக்கம் வரக்கூடாது, பின்பக்க விரிகுடாவில் இறங்கி நடக்க வேண்டும். ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் மூடிவிடுகிறார்கள். அந்த மாதங்களில் மாயா உண்டு என்று சொல்லி டிக்கெட் விற்றால் படகு தூரத்தில் நின்று படம் எடுக்கவிடும், அவ்வளவே.

இனி போகிறவர்களுக்கு. டிஎம்6 வெள்ளைக் காகிதத்தை எல்லைக் கடையில் இரண்டு வெள்ளி கொடுத்து எழுதி வாங்கிய காலம் போயிற்று. 1 மே 2025 முதல் டிடிஏசி என்ற மின்னியல் வருகை அட்டை. தாய்லாந்துக் குடிநுழைவுத் துறையின் தளத்தில், வந்து சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அல்ல. கைக்குழந்தைக்கும் தனியாக வேண்டும். பயண வகையில் தரைவழி என்று தேர்ந்தெடுத்து வேன் பதிவெண்ணைப் போடுங்கள். அடிக்கடி நடக்கும் தவறு கடப்பிதழ் எண்ணில் ஓ எழுத்தையும் பூஜ்யத்தையும் மாற்றுவது. பெயரைக் கடப்பிதழில் உள்ளபடி அப்படியே எழுதுங்கள், த/பெ வரும் இடத்தில் கவனம். எல்லையில் இணையம் இழுக்கும், கியூஆர் படத்தை வீட்டிலேயே சேமித்துவிடுங்கள். கடப்பிதழ் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும்.

சொந்தக் கார் என்றால் கிரான் (வாகனப் பதிவுச் சான்று) நகல் வேண்டும். வங்கிக் கடன் இருந்தால் வங்கியின் அனுமதிக் கடிதம், கார் வேறொருவர் பெயரில் இருந்தால் அவருடைய கடிதம். சாலை வரி இப்போது கைப்பேசியில் இருக்கிறது என்று வெறுங்கையோடு போகாதீர்கள், காகிதத்தில் அச்சிட்டு வையுங்கள். தாய்லாந்தின் கட்டாய மூன்றாம் தரப்புக் காப்பீட்டை எல்லைக்கு முன்பே வரும் சங்லூன் கடைகளில் வாங்கலாம், வாகனப் படிவங்களையும் அங்கேயே தட்டித் தருவார்கள். சுங்கத்துறை தரும் தற்காலிக இறக்குமதித் தாளைத் தொலைக்காதீர்கள், திரும்பும்போது கேட்பார்கள். தாளில் போட்ட தேதி தாண்டினால் அபராதம் நாள் கணக்கில் ஏறும்.

ரயிலில் போனால் கொமுட்டரில் பாடாங் பெசார், அங்கிருந்து தாய்லாந்து ரயிலில் ஹாட்யாய். இரு நாட்டுக் குடிநுழைவும் அந்த நிலையத்துக்குள்ளேயே. ஹாட்யாய் ரயிலின் நேரத்தைத் தாய்லாந்துக் கடிகாரத்தில் சொல்கிறார்களா நம் கடிகாரத்திலா என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஒரு மணி நேரம் வித்தியாசம். திரும்பும்போது இதே வித்தியாசம் சாவடியில் கடிக்கும். புக்கிட் காயு ஹீத்தாம் வழக்கமாக நம் நேரம் இரவு 12க்கு மூடும், அந்தப் பக்கம் அது 11. பாடாங் பெசார் நம் நேரம் 10க்கே மூடிவிடும்.

பணத்துக்குக் கைப்பேசியில் கட்டும் நம் டூயிட்நவ் கியூஆர் போதும் என்று நம்பிப் போகிறவர்கள் தெருக் கடையில் மாட்டிக்கொள்கிறார்கள். 2021இல் டூயிட்நவ்வையும் தாய்லாந்தின் ப்ராம்ப்ட்பேயையும் இணைத்தது உண்மைதான். ஆனால் வணிகருக்கென்று வழங்கிய கியூஆர்தான் வேலை செய்யும். தள்ளுவண்டி அக்கா தன் சொந்தக் கணக்கின் கியூஆரை ஒட்டிவைத்திருந்தால் நம் செயலி ஏற்காது. ஆளுக்கு 1,000 பாட் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள்.

வேப் கொண்டுபோகாதீர்கள், அங்கே சட்டவிரோதம். கஞ்சா விஷயம் அதைவிட மோசம். 2022 ஜூனில் அங்கே கட்டுப்பாட்டைத் தளர்த்தி, 2025இல் மருத்துவச் சீட்டு வேண்டும் என்று மறுபடி இறுக்கினார்கள். அவர்கள் சட்டம் எப்படி ஆடினாலும் நம் சட்டம் ஆடவில்லை. இலை படம் போட்ட பிஸ்கட், மிட்டாய், பானம் எதையும் தொடாதீர்கள். திரும்பும்போது சாவடியில் சிறுநீர்ச் சோதனை வைத்தால் தெரியாமல் தின்றேன் என்பது எடுபடாது.

கடைசியாக நவம்பர். ஹாட்யாயின் பெருவெள்ளங்கள் 2000, 2010, 2025 மூன்றும் நவம்பரில் வந்தவை. வடகிழக்குப் பருவமழை சொங்க்லா பக்கத்தை நேராக அடிக்கும், நகரம் கிண்ணம் மாதிரிப் பள்ளத்தில் இருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று ஒரே நாளில் 335 மில்லிமீட்டர் மழை. ஆயிரக்கணக்கான மலேசியர்கள் ஹோட்டல் மாடிகளில் சிக்கினார்கள், கீழே நிறுத்திய கார்கள் மூழ்கின. அந்த மாதம் போவதென்றால் மாடி நிறுத்துமிடம் உள்ள ஹோட்டலைப் பாருங்கள். சங்லூனில் வாங்கும் காப்பீடு நம் காருக்குப் பத்து காசு தராது. நம் ஊர் முழுக் காப்பீடு மலேசியா, சிங்கப்பூர், புருணைக்குத்தான். தாய்லாந்துக்கு எண்டோர்ஸ்மென்ட் 101 என்ற கூடுதல் பிரிவைத் தனியாகச் சேர்க்க வேண்டும். வெள்ளத்துக்கு எண்டோர்ஸ்மென்ட் 57 என்ற சிறப்பு ஆபத்துப் பிரிவு. 101 இருந்து 57 இல்லாவிட்டால் எல்லை தாண்டிய விபத்துக்குப் பணம் வரும், வெள்ளத்தில் மூழ்கிய எஞ்சினுக்கு வராது. கிளம்புவதற்கு முன்பே முகவரைக் கூப்பிட்டு இரண்டு எண்ணும் பாலிசியில் இருக்கிறதா என்று கேளுங்கள், எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.