யானைமலையை 0, 1 ஆக அனுப்பிப் பாருங்கள்

பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலில் 'எண் முறைகள்' பாடம் வந்ததும் பிள்ளைகள் எந்த எண்ணையும் இரண்டால் வகுத்து வகுத்து மீதியை 0, 1 என்று எழுதப் பழகிவிடுகிறார்கள். மார்க்கும் வந்துவிடுகிறது. அந்த 0, 1 எதற்கு என்று கேட்டால்தான் விழிக்கிறார்கள். மதுரை ஒத்தக்கடையில் மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நான் பார்த்தவரை, படத்தில் தொடங்கினால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே இது பிடிபடுகிறது.

கிராஃப் தாளில் எட்டுக்கு எட்டுக் கட்டம் போட்டு, எதிரே தெரியும் யானைமலையை வரையச் சொல்லுங்கள். மலை விழும் கட்டம் 1, வானம் 0. ஒருவர் வரிசை வரிசையாக வாசிக்க, அடுத்த அறையில் இருப்பவர் கேட்டு நிரப்பட்டும். ஒரு 0 அல்லது 1 என்பது ஒரு பிட். 64 பிட்டில் மலை போய்ச் சேர்ந்துவிடும். (கோபுரம் வேண்டாம். இடமும் வலமும் ஒன்றுபோல் இருப்பதால் எல்லா வரிசையிலும் 1-கள் இரட்டைப்படையாகவே வரும். அடுத்த பாடத்துக்கு உதவாது.) வண்ணப் படமென்றால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் எட்டெட்டு பிட், ஆக ஒரு பிக்சலுக்கு, அதாவது படத்தின் ஒரு புள்ளிக்கு, 24.

வழியில் ஒரு 0, 1 ஆக மாறிவிட்டால்? இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் ஒரு பிட் கூட்டுங்கள். 1-கள் ஒற்றைப்படை என்றால் 1, இரட்டைப்படை என்றால் 0. 00001110 என்ற வரிசையில் மூன்று 1. கடைசியில் 1 சேர்த்தால் நான்கு, இரட்டைப்படை. நெடுவரிசைகளுக்கும் கீழே அப்படியே. இதுதான் பேரிட்டி பிட். வாசிக்கும்போது வேண்டுமென்றே ஒரு கட்டத்தை மாற்றிவிடுவேன். அந்த வரிசையில் 1-கள் ஒற்றைப்படையாகிவிடும்.

"அக்கா, அஞ்சாவது வரிசை இடிக்குது!"

"மேலிருந்து கீழா மூணாவதும் இடிக்குதுக்கா!"

இரண்டும் வெட்டிக்கொள்ளும் கட்டம்தான் தவறு. அங்கே 1 இருந்தால் 0, 0 இருந்தால் 1. திரும்பக் கேட்க வேண்டியதே இல்லை. ஒரே வரிசையில் இரண்டு கட்டம் மாறினால் என்ன ஆகும் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். தவறு நடந்தது தெரியும், எந்த வரிசை என்று தெரியாது. தயவுசெய்து நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

அதன்பிறகு செவ்வாய்க்குப் போகலாம். 1965-ல் மாரினர் 4 விண்கலம் அனுப்பிய படம் ஒவ்வொன்றும் 200-க்கு 200 புள்ளி, புள்ளிக்கு 6 பிட். மொத்தம் 2,40,000 பிட். நொடிக்கு எட்டேகால் பிட்டுக்குச் சற்று அதிகமாக வந்தது. ஒரு படம் முழுதாக வர எவ்வளவு நேரம்? சுமார் 8 மணி நேரம். இந்தக் கணக்கைப் போட்டுப் பழகிய பிள்ளைக்குப் பிட், பைட் கணக்கு எதுவும் தேர்வில் சிரமமாக இருக்காது. 1971-ல் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய மாரினர் 9, ஒவ்வொரு 6 பிட்டையும் 32 பிட்டாக நீட்டி அனுப்பியது. அந்த 32-ல் 7 பிட் வரை கெட்டாலும் இங்கே திருத்திக்கொள்ள முடிந்தது.

இன்னும் கேட்கும் பிள்ளைக்கு, அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்ட் ஹாமிங் 1950-ல் வெளியிட்ட குறியீட்டைக் காட்டுங்கள்: 4 பிட் செய்திக்கு, பேரிட்டி பிட் போலவே தவறைக் காட்டும் 3 காவல் பிட். கிராஃப் தாளே போதும்.