ஸ்வென்ஸ்கா என்று ஓர் ஆசிரியர் இல்லை

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்ட கேள்வி ஒரே வரிதான். கழிவுநீரிலிருந்து சாயத்தைப் பரப்புக் கவர்ச்சி முறையில், அதாவது ஒரு திடப்பொருளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ள வைத்து, நீக்குவது பற்றிய ஆய்வுகளில் அதிகச் செல்வாக்கு யாருடையது? நான் வேதியியல்காரன் இல்லை, நூலக அறிவியல் படித்தவன். மேற்கோள்களை எண்ணினால் விடை வந்துவிடும் என்ற நம்பிக்கையோடு இறங்கினேன். தரவை இறக்கி, எண்ணி, வரிசைப்படுத்தி, படம் போட ஆறு மாதம் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். இரண்டரை வருடம் ஆனது. இதே பாதையில் இறங்கப்போகிறவர்களுக்காக அந்த இரண்டரை வருடம் எங்கே போனது என்று எழுதுகிறேன்.

முதல் பட்டியல் மூன்றே வாரத்தில் தயாரானது. இருபது பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே கட்டுரை எண்ணிக்கை, மேற்கோள் எண்ணிக்கை, இரண்டையும் சேர்த்து ஒற்றை எண்ணாக்கும் எச்-இண்டெக்ஸ். நெறியாளரிடம் கொண்டுபோனேன். அவர் எண்களைப் பார்க்கவே இல்லை. "இந்த இருபது பேரும் இருபது பேர்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. திரும்பி வந்து மூன்றாம் இடத்தில் இருந்த பெயரைத் தோண்டினேன். ஒரு பொதுப்பெயரும் ஓர் இனிஷியலும் மட்டும் கொண்ட பெயர் அது. அதற்குள் நான்கு வேறு வேறு ஆட்கள் இருந்தார்கள். ஒருவர் சாயத்தில் வேலை செய்கிறவர், இன்னொருவர் கன உலோகங்களில், மற்ற இருவருக்கும் இந்தத் துறையோடு தொடர்பே சொற்பம். பதினான்காம் இடத்தில் இருந்தவர் கதை நேர்மாறு. இனிஷியல் முன்னால், பின்னால், விரித்து, ஒன்றை விட்டு, புள்ளி இல்லாமல் என்று ஒரே ஆளின் கட்டுரைகள் ஏழு பெயர்களில் சிதறிக் கிடந்தன. ஏழையும் சேர்த்தபோது அவர் நான்காம் இடத்துக்கு வந்துவிட்டார்.

ஒவ்வோர் ஆய்வாளருக்கும் தனித்தனியாகத் தரப்படும் ஆர்கிட் என்ற பதினாறு இலக்க எண் இந்தச் சிக்கலுக்காகத்தான் 2012இல் வந்தது. பழைய கட்டுரைகளுக்கு அது பெரும்பாலும் இல்லை. ஆகவே கையால் பிரித்தேன். உடன் எழுதியவர்கள் யார், எந்த நிறுவனம், என்ன மின்னஞ்சல், முந்தைய வேலையில் எதை மேற்கோள் காட்டியிருக்கிறார் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இவற்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போனால்தான் ஒரே ஆள் என்று குறித்தேன். நான்கு மாதம் இதற்கே போனது. ஆய்வேட்டில் இந்த நான்கு மாதத்துக்கு ஒன்றரைப் பக்கம்தான் கிடைத்தது. ஆனால் மற்ற எல்லாப் பக்கங்களும் இதன் மேல்தான் நிற்கின்றன. யார் கேட்டாலும் இந்த வேலையைச் சுருக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

அடுத்தது எண்ணும் முறை. ஐந்து பேர் எழுதிய கட்டுரைக்குக் கிடைத்த மேற்கோளை ஐந்து பேருக்கும் முழுதாகக் கொடுப்பதா, ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கா? இரண்டு விதமாகவும் செய்தேன். பட்டியலின் மேற்பாதி மாறிவிட்டது. பெரிய குழுக்களில் இருந்தவர்கள் இறங்கினார்கள், இரண்டு மூன்று பேராக எழுதியவர்கள் ஏறினார்கள். இயற்பியலில் ஹிக்ஸ் போசான் என்ற அடிப்படைத் துகளின் நிறை பற்றி 2015இல் வந்த கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களுக்கும் அவர்களுடைய நிறுவனங்களுக்குமே போனது. அங்கே ஆசிரியர் என்ற சொல்லுக்கு இருக்கும் பொருளும், தனியாக உட்கார்ந்து ஒருவர் எழுதிய கட்டுரையில் அதற்கு இருக்கும் பொருளும் ஒன்றல்ல. நான் இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். ஒன்றை மட்டும் காட்டுவது நேர்மையாகப் படவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எந்தக் கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று அட்டவணை போடலாம் என யூஜீன் கார்ஃபீல்ட் 1955இல் 'சயின்ஸ்' இதழில் முன்வைத்த யோசனை, 1964இல் அச்சு அட்டவணையாகவே வந்தது. அந்த அட்டவணையில் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் முதல் ஆசிரியர் பெயரில்தான் இருந்தன. இரண்டாவது, மூன்றாவது பெயர்காரர்கள் அங்கே கண்ணுக்கே தெரிய மாட்டார்கள். அந்தப் பழக்கத்தின் நிழல் நான் இறக்கிய கோப்பிலும் இருந்தது. மேற்கோள் பகுதியில் முதல் ஆசிரியர், ஆண்டு, இதழ், தொகுதி, பக்கம், அவ்வளவுதான். கடைசிப் பெயராக நின்று ஆய்வுக்கூடத்தையே நடத்தியவரைக் காண, ஒவ்வொரு மேற்கோளையும் அதன் மூலக் கட்டுரையோடு இணைக்க வேண்டியிருந்தது.

அந்த இணைப்பு வேலையின்போதுதான் ஸ்வென்ஸ்கா வந்தார்.

பரப்புக் கவர்ச்சி எவ்வளவு வேகமாக நடக்கிறது என்று கணக்கிட இந்தத் துறையில் எல்லோரும் பயன்படுத்தும் ஒரு சமன்பாடு உண்டு. லாகர்கிரென் என்பவர் 1898இல் ஜெர்மன் மொழியில் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. ராயல் ஸ்வீடிஷ் அறிவியல் கழகத்தின் வெளியீட்டில் வந்த கட்டுரை அது. என் கோப்பில் அந்த ஒரே கட்டுரை முப்பதுக்கும் மேற்பட்ட வடிவங்களில் இருந்தது. சிலவற்றில் தலைப்பு ஆங்கிலத்தில், அதுவும் ஆளுக்கொரு விதமாக. சிலவற்றில் 'லாங்கர்கிரென்'. கணிசமான வரிகளில் அவருக்கு ஓர் உடன் ஆசிரியரும் இருந்தார், பி.கே. ஸ்வென்ஸ்கா.

இவர் வேறு எதுவுமே எழுதவில்லையே என்று தேடினேன். இரண்டு நாள் தேடினேன். அப்புறம் மூல வெளியீட்டின் பெயரைப் பார்த்தபோது கை நின்றுவிட்டது. 'குங்லிகா ஸ்வென்ஸ்கா' என்று தொடங்கும் பெயர் அது. ஸ்வென்ஸ்கா என்றால் ஸ்வீடன் நாட்டுக்குரிய என்று பொருள். யாரோ ஒருவர் எங்கோ ஆய்விதழின் பெயரை ஆளின் பெயராக எடுத்துக்கொண்டார், மற்றவர்கள் அதை அப்படியே எடுத்து எழுதினார்கள். மூலத்தைத் திறந்து பார்த்தவருக்கு இந்தத் தவறு வந்திருக்கவே முடியாது. லாகர்கிரென் மேற்கோள்கள் எப்படியெல்லாம் திரிந்து வருகின்றன என்று யூ-ஷான் ஹோ 2004இல் 'சயின்டோமெட்ரிக்ஸ்' இதழில் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகுதான் நான் தனியாக இல்லை என்ற தெம்பு வந்தது.

அன்றைக்கு என் ஆய்வின் கேள்வியே வேறாகிவிட்டது. ஒரு மேற்கோள், படித்ததற்கு அடையாளம் இல்லை. அப்படியானால் அது எதற்கு அடையாளம்?

எண்ணுவதை நிறுத்திவிட்டுப் படிக்க ஆரம்பித்தேன். லாகர்கிரெனைக் குறிப்பிடும் கட்டுரைகளில் முந்நூறைத் தேர்ந்தெடுத்து, மேற்கோள் வரும் வாக்கியத்தையும் அதன் முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களையும் ஒரு எக்செல் கோப்பில் ஒட்டினேன். சமன்பாட்டைப் பயன்படுத்தினோம் என்பதற்கான சான்று, முன்னுரையில் மரியாதைக்குச் சொன்னது, மறுப்பது, மேலே கொண்டுபோவது என்று நான்கு பெட்டிகள். பெரும்பாலானவை முதல் பெட்டியில் விழுந்தன. மறுப்பவை விரல் விட்டு எண்ணும் அளவுக்கே. ஆனால் துறை திசை மாறிய இடங்கள் அந்தச் சில வாக்கியங்களில்தான் இருந்தன. ஆண்டு வாரியாக அடுக்கிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பல கட்டுரைகள் சமன்பாட்டுக்கு அவர் பெயரைச் சூட்டுகின்றன, ஆனால் பின்னால் உள்ள பட்டியலில் அவர் இல்லை. செல்வாக்கு முற்றிப் பொதுச்சொத்தான பிறகு மேற்கோள் மறைந்துவிடுகிறது. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். என் கோப்பிலேயே அதைப் பார்த்தது வேறு அனுபவம்.

எச்-இண்டெக்ஸ் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் தந்த அளவை அது. குறைந்தது பத்து முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் பத்து இருந்து, பதினொன்றுக்கு அதே கணக்கு எட்டவில்லை என்றால் எச்-இண்டெக்ஸ் 10. இந்தத் துறையில் அந்த ஒரு கட்டுரையை மட்டுமே வைத்து லாகர்கிரெனை அளந்தால் அவருக்குக் கிடைப்பது 1. ஆயிரம் பேர் மேற்கோள் காட்டினாலும் 1தான். நீண்ட காலம் தொடர்ந்து எழுதுகிறவர்களைப் பார்க்க அது உதவும், சரி. யார் துறையை உருவாக்கினார் என்று அதனிடம் கேட்கக் கூடாது. ஒருவரின் பணி நியமனத்தையும் பதவி உயர்வையும் இந்த ஒற்றை எண்ணை வைத்து முடிவு செய்வதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது. ஆய்வை எண்களால் மதிப்பிடுவது பற்றி வந்த லைடன் அறிக்கை 2015இல் இதைத்தான் எச்சரித்தது: எண்கள் நிபுணர்களின் மதிப்பீட்டுக்குத் துணை நிற்கலாம், அதன் இடத்தில் உட்காரக் கூடாது.

கடைசியில் வரைபடமும் போட்டேன். இரண்டு ஆசிரியர்கள் எத்தனை கட்டுரைகளில் சேர்ந்து மேற்கோள் காட்டப்படுகிறார்கள் என்று எண்ணி, அடிக்கடி சேர்ந்து வருகிறவர்களை அருகருகே வைக்கும் முறை. ஹென்றி ஸ்மால் 1973இல் கட்டுரைகளுக்கு இதைச் செய்தார், ஒயிட்டும் கிரிஃபித்தும் 1981இல் ஆசிரியர்களுக்குச் செய்தார்கள். பெயர்களைத் திருத்தும் முன் போட்ட படத்தில் ஸ்வென்ஸ்கா ஒரு புள்ளியாகவே இருந்தார், லாகர்கிரெனுக்குப் பக்கத்தில். திருத்திய பிறகு அந்தப் புள்ளி போய், சிதறிக் கிடந்த ஒரு கொத்து ஒன்றுகூடியது. இரண்டு படங்களையும் ஆய்வேட்டில் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்தேன். வாய்மொழித் தேர்வில் அரைமணி நேரம் அந்த இரண்டு பக்கங்களிலேயே போனது.

பட்டம் வாங்கிச் சில மாதங்கள் கழித்து, அச்சுக்குக் காத்திருந்த ஒரு கட்டுரையின் முன்வடிவு கண்ணில் பட்டது. மேற்கோள் பட்டியலில் மறுபடியும் 'லாகர்கிரென், ஸ்வென்ஸ்கா'. எழுதியவருக்கு 1898 வெளியீட்டின் முதல் பக்கத்தின் படத்தை இணைத்து ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. தான் மூலத்தைப் பார்த்ததில்லை என்றும், இன்னொரு கட்டுரையிலிருந்து எடுத்ததாகவும் எழுதி, முழுக் கட்டுரையையும் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். அனுப்பினேன். அச்சில் வந்தபோது அந்த வரியில் லாகர்கிரென் மட்டும் இருந்தார்.